ஒரு நின்ற கோடு

இரவு இரண்டு மணிக்கு லா லூசியா மேட்டில்
விளக்குகள் போயின.
ஸ்டேஜ் ஆறு. அட்டவணையில் இருந்ததுதான்.
கட்டடத்தின் பின்னால் டீசல் ஜெனரேட்டர்
இருமி, இன்னொரு முறை இருமி, எழுந்தது.
அந்தப் பதினோரு நொடியில்
பில்ட் சர்வரின் தற்காலிக வட்டு
நேற்றுவரை அறிந்ததையெல்லாம் மறந்துவிட்டது.

திரும்ப ஓடவிட்டேன். சிவப்பு.
‘கட்டணக் கோப்பு: அப்படியொன்று இல்லை.’

இல்லையா?
டர்பன் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும்
எத்தனை ராண்ட் என்று சொல்லும் கோப்பு.
மூன்று மாதமாக அதை நம்பித்தான்
கிரேன்கள் குனிந்து நிமிர்கின்றன.

யோகனை எழுப்பினேன்.
“என் மெஷின்ல ஓடுதே” என்றான், கொட்டாவிக்குள்ளிருந்து.
ஓடும்.
உன் மெஷினில் போன செவ்வாய்க்கிழமையின் கோப்பு
சட்டியில் ஒட்டிய சோறு மாதிரி கிடக்கிறது.
பசித்தவன் எந்த நாள் சோறு என்று கேட்பதில்லை.

சுவரில் யாரோ ஒட்டிய தாள்:
‘விழுந்தால் இன்னொரு முறை ஓடவிடவும். சரியாகிவிடும்.’
ஆகிவிடும்தான்.
அதுதான் எனக்குப் பயம்.

அந்தக் கோப்பை மனிதர் யாரும் எழுதுவதில்லை.
கட்டண அட்டவணையைப் படித்து
ஒரு சின்ன நிரல் எழுதுகிறது. அதற்கும் ஜெனரேட்டர் என்றுதான் பேர்,
டீசல் குடிக்காத ஜெனரேட்டர்.
முதல் வரியிலேயே மிரட்டல்:
‘கையால் திருத்தாதே. திருத்தினால் அழியும்.’
லிண்டானி ஒருமுறை திருத்தினான். அழிந்தது.
ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை.

எட்டுக் கைகளோடு ஓடும் பில்டில்
ஒரு கை எழுதிக்கொண்டிருக்கும்போதே
இன்னொரு கை படிக்கப் போய்விட்டது.
இத்தனை நாள் எழுதும் கை முந்தியது.
அது ஒழுங்கு இல்லை, அதிர்ஷ்டம்.
நாங்கள் அதைப் பச்சை என்று அழைத்தோம்.

கம்பைலரைக் குறை சொல்ல முடியாது.
படித்து முடித்ததும்
எதை எதைப் படித்தேன் என்று
பக்கத்தில் ஒரு சீட்டில் குறித்துவைக்கும்.
அடுத்த முறை அந்தச் சீட்டைப் பார்த்தால் போதும்.
முதல் முறை சீட்டு ஏது?
படித்த பிறகுதான் தெரிகிறது
படிக்க எது வேண்டியிருந்தது என்று.
கையால் எழுதிய கோப்புகளுக்கு இது பரவாயில்லை,
அவை எப்படியும் அங்கேயே கிடக்கும்.
இனிமேல் பிறக்கவேண்டிய கோப்புக்கு
யாராவது முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். ஒரே வரி.
நடுவில் ஒரு நின்ற கோடு,
கோட்டுக்கு வலப்பக்கம் அதன் பெயர்.
பொருள்: இது முதலில் இருக்கட்டும்.
இருந்தால் போதும்.
இது மாறியது என்பதற்காக மட்டும் நீ மாறவேண்டாம்.
நிஜமாகவே இதைப் படித்தாயானால்
உன் சீட்டில் நீயே எழுதிக்கொள்வாய்.

கமலசேனன் நினைவு வந்தது.
எனக்கு நாலு வருடம் முன்னால் பிறந்தவன்.
பெர்த்துக்குப் போனான், வீடு வாங்கினான், நாய் வாங்கினான்,
உச்சரிப்பைக்கூட மாற்றிக்கொண்டான்.
என்னில் ஒரு செங்கல் அசையவில்லை.
கோட்டுக்கு வலப்பக்கம் ஓர் அண்ணன்.
தனியாகச் சிரித்தேன், டீசல் வாசனைக்குள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு
வெறுந்தரையிலிருந்து ஓடவிட்டேன்.
ஒரு கையோடு. பிறகு எட்டு. பிறகு முப்பத்திரண்டு.
பச்சை.
பழைய சோறு இல்லாத பச்சை.

மூன்று நாற்பதுக்குப் போன் ஒளிர்ந்தது.
“உன் வீட்டுப் பக்கம் நாலரைக்குத்தான் கரண்ட் வரும்னு போட்டிருக்கான்.
ஃப்ரிட்ஜைத் திறக்காதே.”

அங்கே காலை ஒன்பது நாற்பது.
வேலை நேரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
உம்பிலோவின் இருட்டு அட்டவணையைப்
பார்த்துக்கொண்டிருக்கிறான்.
எத்தனை இரவாக?
என் எந்தச் சீட்டிலும் இது இல்லை.

‘ஃப்ரிட்ஜில் ஒன்றுமே கிடையாது’ என்று எழுதினேன்.
அழித்தேன்.
‘திறக்கமாட்டேன்’ என்று அனுப்பினேன்.