நாற்பது சொற்களுக்குள்

நாற்பது சொற்களுக்குள் என்றார்கள்.
தேக்குச் சட்டம், கண்ணாடி, மேலே ஒரு சிறு விளக்கு.
குறிப்புக்கு நூற்றிருபது ரூபாய்.
ஆரப்பாளையத்தில் ஏழு பத்து பஸ்,
நாகமலைக்கு மேற்கே குறிஞ்சான்பட்டி ஜமீன் பங்களா.

வௌவால் எச்சம் சுரண்ட இருபத்திரண்டு நாள்.
பிறகு சுண்ணாம்பு, கரையான் மருந்து.
பிறகு பொறியாளர் ஜெசிந்தா நாடாவோடு வந்து
வாசற்படியை அளந்தாள்.
ஏழு படி, மூன்றரை அடி உயரம்.
சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால்
அடிக்குப் பன்னிரண்டு அடி சாய்தளம்.
நாற்பத்திரண்டு அடிக்குக் கோடு போட்டுக்கொண்டே போனவள்
வேப்பமரத்தடியில் நிமிர்ந்தாள்.
தரையோடு தரையாக ஒரு பட்டைக்கல்.
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு
தாண்டாமல் நிற்க வேண்டிய கல் அது என்று
சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் சொன்னார்,
கரண்டியை நிறுத்தாமல்.
"எடுத்துறலாமா?"
"கெடக்கட்டும்மா. அதுல இருந்தே ஏறட்டும்."

பல்லக்குக்கு நான் எழுதியது:
ஈட்டிமரம். யாளி முகப்பு. பித்தளைக் குமிழ்கள் பதினாறு.
ஜமீன்தார் இதில் ஏறி எதிர்சேவைக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.
இன்னும் கொஞ்சம்.
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு.

அடுத்த மேசையில் கணக்குப் பேரேடு.
குதிரை முத்துக்கிளிக்குக் கொள்ளு ஆறு படி.
குதிரை சுல்தானுக்கு லாடம் நாலு.
பல்லக்கு ஆள் எட்டு, ஆளுக்குக் கம்பு அரைப்படி.
இதையும் படித்துத்தான்
குறிப்பு எழுதினேன்:
பழுப்புக் காகிதம், கட்டைப் பேனா மை.

திறப்பதற்கு முந்தின வாரம்
பார்வையற்றோர் பள்ளியிலிருந்து ஒரு வேன் வந்தது.
'தொடாதீர்கள்' பலகையைத் திருப்பி வைத்தோம்.
சலேத்மேரிக்குப் பதினொரு வயது.
யாளியின் பல்லை எண்ணினாள்,
குமிழைத் திருகினாள், அது கையோடு வந்துவிட்டது,
சிரித்தாள்.
பிறகு தண்டின் அடியில் கையை விட்டவள்
நின்றுவிட்டாள்.
"அக்கா, இங்க மட்டும் சோப்பு மாதிரி இருக்கு."

குனிந்து நானும் கை விட்டேன்.
மேற்பக்கம் உளி செதுக்கியது.
அடிப்பக்கம் தோள் செதுக்கியது.
முன்னே நாலு பள்ளம், பின்னே நாலு.
மூன்றாவது மட்டும் விரல் புதையும் ஆழம்,
நெட்டையான ஆளாக இருந்திருப்பான்,
பாரமெல்லாம் அவன் பக்கம் சாய்ந்திருக்கும்.

படம் அனுப்பினோம். கோயம்புத்தூரிலிருந்து வாரிசு
நல்ல மனதோடுதான் கேட்டார்:
"பள்ளத்தை மக்கு வெச்சு நெரவிறலாமே?"
குழு மூன்று மணி நேரம் உட்கார்ந்தது.
இரண்டு முறை டீ.
நிரவவில்லை.

பால் டெப்போவில், ரேஷன் கடையில் தாள் ஒட்டினோம்:
பல்லக்குத் தூக்கியவர்கள் பெயர் தெரிந்தால் சொல்லவும்.
எட்டுத் தோளுக்கு இருபத்து மூன்று பெயர் வந்தது.
காத்தவன், மொண்டி, நடுமாடன்,
பெயரில்லாமல் 'பின்னிமாயி புருசன்',
ஒரே ஆளுக்கு இரண்டு குடும்பம் சண்டை.
எதையும் அடிக்கவில்லை.
தனிப் பலகை, தச்சர் கூடுதலாக எண்ணூறு கேட்டார்.

கடைசியாக வந்தவள் ஜெயக்கொடி,
டி.வி.எஸ். ஃபிப்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு
ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள்.
"எங்க பூட்டன் தூக்கல.
தூக்கச் சொன்ன ராத்திரியே
பொண்டாட்டி, ரெண்டு ஆட்டோட ஊரைவிட்டுப் போயிட்டாரு.
அந்தப் பலகையில அவரு வர மாட்டாரு, தெரியும்.
ஆனா எங்கயாச்சும் எழுதுங்க."

தூக்காத தோளுக்குத் தேய்மானம் கிடையாது.
விரல் வைக்க இடமில்லை.
செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.
ஆடு ரெண்டா மூணா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் பழைய சட்டத்தைக் கழற்றி
யாளிக்கும் குமிழுக்கும் எதிர்சேவைக்கும் கீழே
இடம் இருந்தவரை எழுதினேன்:
சோணைமுத்து. தூக்கவில்லை.