பதினொரு நொடி

ஜூலை தொடங்கி செப்டம்பர் முடியும்வரை
நான் செய்த இசை பதினொரு நொடி.
கணினி அப்படித்தான் காட்டுகிறது.
அதிலும் இரண்டு நொடி மௌனம்.

பகலில் நண்டு எடை போடுகிறேன்,
புன்டா அரேனாஸ் துறைமுகத்துக் குளிர்கிடங்கில்.
மணிக்கு முந்நூறு கிலோ.
மாலையில் நிக்கானோர் பலகையில் எண்ணை எழுதி
பக்கத்தில் ஒரு சரிக்குறி போடுவார்.
அந்தச் சாக்பீஸ் குறியைப் பார்த்துவிட்டுத்தான்
கையுறையைக் கழற்றுவேன்.
இரவில் அக்கார்டியனைத் தோளில் மாட்டினால்
எடைக்கல்லும் இல்லை, பலகையும் இல்லை.
நண்டு வாசம் போகாத விரல்கள்
மூன்று வருடமாய் இடறும் அதே படியில்
இன்றும் இடறுகின்றன.

கோப்புகளுக்கு நான் வைத்த பெயர்கள்:
சரியானது.
சரியானது இரண்டு.
இதுதான் சரியானது.
சனியன்.
சனியன், மெதுவாக.

யாஸ்னாவும் நானும் ஒரே மாதத்தில் தொடங்கினோம்,
ஒரே கடையில், ஒரே தவணையில் வாங்கிய பெட்டிகள்.
அவள் பாட்டு இப்போது பொர்வெனிர் போகும் படகில் ஒலிக்கிறது.
ஒரு ஞாயிறு அந்தப் படகில் போனேன்.
தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள்
தங்களை அறியாமல் கால் தட்டினார்கள்.
என் காலும் தட்டியது.
நன்றாக இல்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட
என் கால் விடவில்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
தேய்ந்தது கல்லா, எறும்பின் காலா என்று
எறும்பைக் கேட்டவர் யார்?

ஆகஸ்டில் இரண்டு வாரம் பெட்டியைத் திறக்கவில்லை.
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
தொலைக்காட்சியில் சமையல் போட்டி பார்த்தேன்.
நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
மூன்றாவது திங்கட்கிழமை
கிடங்கில் நண்டைத் தட்டில் வைக்கும்போது
குளிரூட்டும் மோட்டாரின் ரீங்காரம்
ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.
வழக்கமாகப் பிடிக்கும் சுரம் இல்லை இது.
"மோட்டாருக்கு என்னவோ ஆகிறது" என்றேன்.
நிக்கானோர் காது கொடுத்துக் கேட்டார், தோளைக் குலுக்கினார்.
"எடெல்மிரா, எடையைப் பார்."

வெள்ளிக்கிழமை பெல்ட் அறுந்தது.
நானூறு கிலோ நண்டைப் பனிக்கட்டியில் புதைத்துக்கொண்டே
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
மந்திரக்காரியைப் பார்ப்பதுபோல.
மூன்று வருடத்துக்கு முன்
அந்த மோட்டார் எனக்கு வெறும் இரைச்சல்.
அதற்கு ஒரு சுரம் இருந்ததே தெரியாது.

அன்றிரவு பெட்டியை இழுத்தேன், தூசி தட்டினேன்.
வாசித்தேன். அதே படி. அதே இடறல்.
ஆனால் இடறப்போவது எங்கே என்று
இடறும் முன்பே கேட்டது.
என் காது எப்போதோ கிளம்பிப் போய்விட்டிருக்கிறது.
தெருமுனையில் நின்று திரும்பிப் பார்க்கிறது;
விரல்கள் இன்னும் வாசலில் குனிந்து
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கின்றன.
இவ்வளவு நாள் நான் அழுதது
இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த தெருவுக்காக.

செப்டம்பர் கடைசியில் காற்று வந்தது.
ஆளைத் தூக்கும் காற்று.
சதுக்கத்தைச் சுற்றி நகராட்சிக்காரர்கள் கயிறு கட்டினார்கள்.
வங்கிக்குப் போகிறவர், ரொட்டி வாங்கப் போகிறவர்,
எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி
ஒரு கை, மறு கை, ஒரு கை.
எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன்
நடுவழியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்,
முன்னேயும் போகாமல், பறந்தும் போகாமல்.

வீட்டுக்கு வந்து பதினொரு நொடியைப் போட்டுக் கேட்டேன்.
தகரக் கூரையின் சடசடப்பும் சேர்ந்து பதிவாகியிருந்தது;
அதை விட்டுவிட்டேன்.
நாலாவது நொடியில் ஒரு சுரம்,
அழகானதுதான்,
யாஸ்னாவின் காலைத் தட்ட வைக்க நான் செருகியது.
அதை எடுத்தேன்.

இப்போது பத்தரை நொடி.