பட் எண் நாற்பத்தொன்று

முதல் தோட்டா போகிறது.
இரண்டாவது வருவதில்லை.
புகார் இவ்வளவுதான். எழுத்தர் நாகூர்கனி
சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

ஆயுதப்படையிலிருந்து தகரப் பெட்டியோடு
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.
தொண்டிக்கு வடக்கே கடலோரக் காவல் நிலையம்.
ஜன்னல் கம்பியைப் பிடித்தால்
துரு கையோடு வந்துவிடும்.

ராணுவம் கழித்துப் போலீசுக்குத் தந்த எஸ்.எல்.ஆர்.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
கட்டையில் எவனோ ஒரு சிப்பாய் பிளேடால் கீறிய எழுத்து,
இந்தியோ பஞ்சாபியோ.
அதன்மேல் நம் ஆட்கள் வெள்ளை பெயின்டில்: 41.

பின்னாலிருந்து முன்னால் வருவது என் வழக்கம்.
பட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை உருவி
புது ஸ்பிரிங்கோடு நிறுத்திப் பார்த்தேன்.
ஒரு நூல்கூடக் குறையவில்லை.
போல்ட் வழுக்கிக்கொண்டு போனது.
எக்ஸ்ட்ராக்டரின் நகம் கூராகவே இருந்தது.
சேம்பரில் விளக்கைப் பிடித்தால்
கச்சான் காற்று கொண்டுவந்த சிவப்புப் பொடி;
தேய்த்தேன், துணி நாலு மாற்றினேன்.
மேகசின் உதடு வளைந்திருக்குமோ?
இல்லை.
ரெகுலேட்டர் உப்பில் இறுகிக் கிடந்தது.
எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து திருப்பினேன்.

கருவைக் காட்டுக்கு இந்தப்பக்கம் மணல்மேடு.
சுட்டேன்.
சத்தம் சரி. தோளில் இடி சரி.
போல்ட் மட்டும் அசையவே இல்லை.
கையால் இழுத்தபிறகுதான் கூடு விழுந்தது,
சாவகாசமாக.

பாதி வந்து சிக்கினால் அழுக்கு என்பேன்.
கொஞ்சம்கூட அசையாததற்கு வேறு பெயர்.

குண்டின் பின்னால் ஓடும் புகையில் ஒரு மிடறு
மேல்துளை வழியே திரும்பி வந்து பிஸ்டனை உதைக்க வேண்டும்.
உதைத்தால் போல்ட் பின்வாங்கும், கூட்டைத் துப்பும்,
அடுத்ததைக் கவ்விக்கொண்டு முன்னால் வந்து உட்காரும்,
இமைப்பதற்குள்,
நீங்கள் கேட்காமலே.

முன்னால் வந்தேன். கேஸ் பிளக்.
தலைகீழாகப் பூட்டியிருந்தது. துளை அடைப்பு.
தவறுதலாக மாட்டியிருக்கலாம்.
ஆனால் பிளக்கின் கழுத்தைச் சுற்றி
மற்ற இரும்பெல்லாம் கறுத்திருக்க
அங்கே மட்டும் ஒரு பளபளப்பு,
தினம் திறக்கும் பூட்டுக்கு இருப்பதுபோல.

"நாற்பத்தொன்று யாரோட பாரா?"
"பூவலிங்கம்" என்றார் நாகூர்கனி.
குரலை இறக்கிக்கொண்டு,
"போன வருசம் வலைத்தகராறு, இறங்குதுறையில.
வானத்தப் பாத்து ஒண்ணு சுடச் சொன்னாரு இன்ஸ்பெக்டர்.
சுட்டான். இறக்கும்போது கூட்டம் நெருக்கி விரல் பட்டுருச்சு.
ரெண்டாவது அதுவா ஏறி உக்காந்திருந்துச்சுல்ல.
ஒரு ஐஸ் பெட்டிய ஓட்டை போட்டுச்சு."
தண்ணீர் குடித்தார்.
"பெட்டிக்குப் பின்னால ஒரு பய
இறால் பிரிச்சிக்கிட்டு இருந்தான்.
அவனுக்கு ஒண்ணுமில்ல."

பிளக்கை நேராக்கினேன்.
ஐந்து சுட்டேன். ஐந்தும் வலப்பக்கம் தெறித்தன.
பாரா மாறி வந்த பூவலிங்கம்
சூடு ஆறுமுன்பே மணலில் பொறுக்கினான்,
கூடு குறைந்தால் அவன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.
விரலை ஊதிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதிவேட்டில், பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
உப்பு என்று எழுதினேன்.
முழுப் பொய்யும் இல்லை அது.

"மாட்டும்போது இந்தப் பக்கம் மேல வரணும்" என்றேன்.
"தெரியும் ஏட்டம்மா" என்றான்.

ஐந்தேகால் பஸ். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில்
என் விரல் எண்ணெய் ஊறி
ஊர்ப்பெயர் அழிந்திருந்தது.
இறங்கும்வரை அதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.