களவு போன பொருளின் விவரம்

மயிர் என்று எழுத முடியாது.
ஐயா கையெழுத்துப் போடும் தாள்.
"முடி எடுத்துள்ளனர்" என்று எழுதிக் காட்டினேன்.
"எந்தக் கோயிலுக்கு?" என்றார் ஏட்டு,
டீயை ஊதிக்கொண்டே.

மூலனூர் ஸ்டேஷனில் எழுத்தர் நான்.
சங்கிலி பறிப்புக்கு வார்த்தை இருக்கிறது.
கிணற்று மோட்டார் ஒயருக்கு இருக்கிறது.
ஆடு திருட்டுக்கு
அப்படியே எடுத்து ஒட்ட ஒரு பத்தியே இருக்கிறது.
ஆட்டை விட்டுவிட்டு
அதன் மேலிருந்ததை மட்டும் கொண்டுபோனவனுக்கு
என்ன எழுத?

மழித்தல் என்றால் தோல் தெரிய வேண்டும்.
வெட்டுதல் என்றால் ரத்தம் எங்கே என்பார்கள்.
கொய்தல்?
பூவா அது.

கூடவே பிடித்து வந்த குரும்பையாட்டை
லக்கம்மாள் திருப்பி நிறுத்தினாள்.
"கத்திரிச்சிருக்குதுங்."

பதினெட்டு உருப்படி. ஒரே ராத்திரி.
கிளுவை வேலி கலையவில்லை.
படல் கட்டினது கட்டினபடி.
ஓர் ஆட்டிலும் கீறல் இல்லை.
கிலோ என்ன விலைக்குப் போகும் என்றேன்.
"ஆரும் வாங்கறதில்லீங்.
போன வருசத்துது சாக்கோட கெடக்குது."

பிறகு எதற்கம்மா மனு?

ஆட்டின் புறங்கழுத்தைத் தடவினாள்.
அங்கே ஒரு கைப்பிடி
வெட்டாமல் விட்டிருந்தது.
"பதினெட்டுலயும் இப்பிடித்தானுங்.
அவிய கை பட்டா இப்பிடித்தான் உடுவாங்க.
கத்திரி வெய்யலுக்கு முந்தி
வந்து கத்திரிச்சுப் போட்டுப் போயிருக்காங்க."

எவிய?

மூன்று வருசத்துக்கு முன்
ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று
எல்லாத்தையும் கத்திரிச்சுக்கிட்டேன் என்று
சொல்லிவிட்டுப் போனவர்.
போகும்போது வீட்டிலிருந்து எடுத்தது
துணியில் சுற்றிய அந்த இரும்புக் கத்திரி ஒன்றைத்தான்.

பிடிக்க வேண்டுமா?
"வேண்டாமுங்."
பெயர் போடட்டுமா?
"அதும் வேண்டாமுங்.
வந்தாங்கங்கறது எழுத்துல இருந்தாப் போதும்.
அன்னிக்குன்னு பாத்து நாந் தூங்கிப்போட்டனுங்.
எம்பட மாமியாவே நம்பாது."

எழுதினேன்:
மேற்படி ஆடுகள் பதினெட்டும்
இரவில் கத்தரிக்கப்பட்டிருந்தன.
யார் என்று கேட்காத வினைமுற்று.
அதற்காகவே சர்க்கார் வைத்திருப்பது.
"கத்தரியா, கத்திரியா?" என்று
எட்டிப் பார்த்தார் ஏட்டு.
ரெண்டும் சரிதான் என்றேன்.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

ரசீதை நாலாக மடித்து
சுருக்குப்பையில் வைத்துக்கொண்டவள்
வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.
"அடுத்த வருசமும் வந்தாங்கன்னா
புதுசா எழுதோணுங்களா,
இதுலயே சேத்திக்கலாங்களா?"