பேரில்லாத காது

கித்தா மரம் சாய்த்த பிறகு
மூன்றாவது பெருமழைக்குக்
கட்டைகளில் காது முளைக்கிறது.
பழுப்பு, மெலிசு, பின்புறம் பூனை ரோமம்.
கிள்ளினால் வலிக்காத காது.
கம்மலுக்கு இடம் பார்க்கிறாள் என் மகள் ஷர்மினி.

பதினேழாம் தீம்பார் முழுவதையும்
மெஷின் பிடித்து அறுத்தது
என் வீட்டுக்காரர் சவரிநாதன்தான்.
பதினோரு வருஷம் நான் பால் வெட்டிய மரங்கள்.
கட்டையைப் பார்த்தே சொல்வேன்,
இது மங்குக்கு வெளியே ஒழுக்கும்,
இது மத்தியானம் வரை சொட்டிக்கொண்டே நிற்கும்.
ஆறு மாதம் அந்த இரைச்சல்.
இப்போது இடப்பக்கம் நின்று பேசினால்
"ஆங்?" என்கிறார்.

ஜாகா ரம்லி வழிமறித்தார்.
"எஸ்டேட் சாமான், எடுக்கக் கூடாது."
மரம் கம்பெனியுடையது, சரி.
கட்டையும் அவர்களுடையதே.
அழுகுகிறதே, அது யாருடையது?
மோட்டார்சைக்கிளை அணைத்துவிட்டு யோசித்தார்.
"தெலிங்கா கெரா," என்றார் கடைசியில்,
குரங்குக் காதாம்.
பிறகு தொப்பியைக் கழற்றி நீட்டினார்,
தன் பங்குக்கு.

பகாவ் டவுன் மருந்துக்கடைத் தவுக்கே
காயவைத்துத்தான் கேட்பார்.
தகரத்தில் பரப்பினால்
இரண்டு வெயிலில் பத்துக் கிலோ ஒரு கிலோ.
மீதி ஒன்பதை வாங்கிக்கொண்ட வெயில்
காசு தருவதில்லை.
தராசுத் தட்டில் செத்த வண்டுகளாய்க் கலகலக்கும்.
பிள்ளை பெற்றவளுக்கு சூப்பு, ரத்தம் இளக சூப்பு என்று
அவர் சொல்லிக்கொண்டே போவார்.
நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவர் பாஷையிலும் இது காதுதான், மரத்துக் காது.
எங்கள் லயத்தில் பேர் வைக்கவில்லை.
"அது முளைச்சிருக்கா?" என்றால் போதும்.

வீட்டுக்கென்று ஒரு கைப்பிடி.
வெந்நீரில் போட்டால்
அரைமணியில் சட்டி கொள்ளாமல் எழும்பும்.
கட்டையில் ஒட்டியிருந்த முடிச்சைக் கிள்ளி எறிந்து,
நாடா நாடாவாய் அரிந்து,
நெத்திலி, காய்ந்த மிளகாய், சோகூன்.
தனக்கென்று ருசி கிடையாது,
யார் பக்கத்தில் கிடக்கிறதோ அவர் ருசி.
பல்லில் மட்டும் ஒரு சத்தம்,
நறுக்கென்று.

அவர் இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறார்.
நிறுத்துகிறார்.
மறுபடி கடிக்கிறார்.
"கேக்குது," என்கிறார்
யாரிடமும் இல்லாமல்.
ஷர்மினி தன் தட்டில் இருந்ததை
அவர் தட்டில் தள்ளுகிறாள்.

செம்பனை நடப்போகிறார்களாம்.
கட்டை பிடுங்கும் வண்டி வியாழக்கிழமை.
அதற்குள் இன்னும் ஒரு மழை,
ராத்திரி மழையாக இருந்தாலும் பரவாயில்லை.
டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.