உச்சியில் ஒன்று

புரொத்ரொமோஸ்,
உன் தோட்டத்துக்குள் நான் திருட வரவில்லை.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
ஏனென்றால் கால்வாய்க்கரை நாய்கள்
பார்தெனா வேலி தாண்டினாள் என்று
இந்நேரம் ஸ்டுட்கார்ட் வரைக்கும் குரைத்திருக்கும்.

ஜனவரி. ஸ்கித்ராவில் மூடுபனி
பதினோரு மணியாகியும் எழுந்திருக்கவில்லை.
உன் பீச் மரங்களில் ஓர் இலை இல்லை;
பழம் மட்டும் இருக்கிறது.
போன ஆகஸ்டில் பறிக்காமல் விட்டவை
பழுத்து, அழுகி, சாம்பல் பொடி பூத்து,
மூடிய கைபோல் சுருங்கி
கிளையை விடாமல் தொங்குகின்றன.
மருந்துக்கடைக்காரி அவற்றை மம்மி என்பாள்.
செத்தவை போலத்தான் இருக்கும்.
சாகவில்லை.
பூ விரியும் வாரத்தில் ஒரு மழை போதும்.
உள்ளே உறங்கும் பூஞ்சை விழித்துக் காற்றேறி
என் பூவுக்குள் வந்து இறங்கும்.
அதற்கு வேலி தெரியாது,
நாம் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியாது.

என் பக்கத்து வேலையை முடித்துவிட்டேன்.
இலை உதிர்ந்ததும் ஒருமுறை தாமிரம் அடித்தாயிற்று;
மொட்டு உப்புவதற்குள் இன்னொன்று.
அந்த நாள் தப்பினால்
இலை சிவந்து சுருள்வதை
கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.
கிளைகளின் நடுவைத் திறந்துவிட்டேன்,
தொப்பியை வீசினால் மறுபக்கம் விழும்படி.
மரத்துக்கு மரம் கத்தரியைச் சாராயத்தில் முக்கினேன்.
ஃபத்மிர் அதில் ஒரு மடக்கு குடித்துவிட்டு
நோய் எனக்குள்ளும் இருக்கலாமே என்றான்.

சமையலறை நாள்காட்டியில் குளிரை எண்ணுகிறேன்:
ஏழு டிகிரிக்குக் கீழே
இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.
எண்ணூறு கேட்கும் மரங்கள் இவை.
குளிர் குறைந்த வருடம் மரம் அரைத்தூக்கத்தில் பூக்கும்,
இன்று பத்துப் பூ, அடுத்த வாரம் இன்னொரு பத்து,
எந்த நாளை நம்பி மருந்து கலக்குவது?
குளிரைக் கைமாற்றாகக் கேட்க
எனக்குத் தெரிந்த ஆள் யாருமில்லை.

உனக்குப் போன் செய்தேன். மகன் எடுத்தான்.
அப்பாவின் நெஞ்சைத் தைத்திருக்கிறார்கள்,
தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றான்.
பேசவில்லை.
எட்டு வருடமாக உன் பக்கத்து மதகை
நான் அடைத்து வைத்திருப்பதையும் பேசவில்லை.

அதனால்தான் வந்தேன்.
பதினோரு நாள், இருபத்தெட்டுச் சாக்கு.
கைக்கு வந்ததைத் திருகினேன்,
வராததைக் கிளையோடு வெட்டினேன்,
பிசின் கசிந்த புண்ணுக்கு ஒரு சாண் கீழே.
தரையில் கிடந்ததையும் பொறுக்கினேன்.
கிழக்கு வரிசை ஏழாவது மரத்தில்
பட்டைக்குள் புதைந்துபோன கம்பி ஒன்று;
நீ கட்டி, அவிழ்க்க மறந்தது.
அதை அறுத்தபோது
மரம் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாவற்றையும் என் நிலத்திலேயே
ஆழக் குழிவெட்டிப் புதைத்திருக்கிறேன்.

என் ஏணி எட்டாமல்
உன் கொட்டகையிலிருந்து உன்னுடையதை எடுத்தேன்.
மூன்றாம் படி உடைந்துவிட்டது. அது என் கணக்கு.
ஃபத்மிரின் கூலி உன் கணக்கு.
நேற்று மதகைத் திறந்துவிட்டேன்.
அதை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று பாக்கி.
கால்வாய் ஓரத்து மரத்தின் உச்சியில்
ஒரே ஒரு மம்மி.
கம்பால் தட்டினேன், அசையவில்லை.
ஃபத்மிர் தன் பூட்ஸைக் கழற்றி எறிந்தான்;
பூட்ஸும் அங்கேயே மாட்டிக்கொண்டது.
ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே
அல்பானிய மொழியில் உன்னைத் திட்டினான்.

பூ விரிய ஏழு வாரம் இருக்கிறது.
வா, வந்து நீயே காட்டு, எதை வைத்துத் தட்டுவதென்று.
மேலே யாராவது ஏறட்டும்,
நீ கீழே நின்று குறை சொன்னால் போதும்.
அதற்குள் மூன்றாம் படியை
சரிசெய்து வைக்கிறேன்.