அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

ஆய்வுத் தலைப்பில் வரும் ஒரு சொல்லுக்கே
மூன்று மாதம் போயிற்று.
சலுகை என்றேன். மேற்பார்வையாளர்
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்:
"அது புடவைக்கடைச் சொல், பிள்ளை."
சிறப்புரிமை என்றால் பாராளுமன்றம் வந்து
கதிரையில் அமர்ந்துகொள்கிறது.
பத்திரிகைகள் எழுதுவது வரப்பிரசாதம்.
தீர்வையில்லா வாகனத்துக்கும்
கோயில் சந்தனத்துக்கும் ஒரே சொல்.

லத்தீனில் வேர் தேடினேன்.
தனி ஒருவருக்கான சட்டம் என்றிருந்தது.
அறிவியல்நகர் விடுதியில் அன்று தண்ணீர் இல்லை.
விரிவுரையாளர் குவாட்டர்ஸில்
தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
இதை அடிக்குறிப்பாக்க முடியாதாம்.

அத்தியாயம் என்று நான் எழுதியதையெல்லாம்
அதிகாரம் என்று திருத்தினார்.
பகிடி அவருக்கு விளங்கவில்லை.

அதிகாரம் இரண்டு, வரலாறு.
வன்னிமைகளுக்கு ஒல்லாந்தர் விட்டுவைத்தது எது,
அதற்கு வாங்கிக்கொண்டது எத்தனை யானை.
நுண்படச் சுருளில் எறும்பாய் ஊரும் எழுத்து.
யானையின் உயரம் முழத்தில் இருக்கிறது,
பிடித்தவர்களின் பெயர் இல்லை.
கொம்பன் ஒன்று வழியில் செத்ததற்கு
வருந்திய வரி மட்டும்
வடிவான கையெழுத்தில்.

அதிகாரம் மூன்றுக்காக
பிரதேச செயலகக் காணிக் கிளையில் நாலு நாள்.
வாசிக்க மட்டும் என்றுதான் கடிதம்.
தவரூபன் அண்ணை பெரிய கணக்கையே திறந்து தந்தார்,
மற்றதைத் திறக்க அவருக்குத் தெரியாது.
கடவுச்சொல் விசைப்பலகையின் அடியில்,
பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது:
மகளின் பெயர், பிறந்த ஆண்டு.
ஆண்டைப் பார்த்துவிட்டு
நான் ஒன்றும் கேட்கவில்லை.

என் ஆய்வின் பக்கம் எண்பத்தாறு சொல்கிறது:
எவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவே
திறப்புக் கொடுக்கவேண்டும்.

மூன்றாம் நாள், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கோப்பில்
எங்கள் வயல் வந்தது.
இரண்டு ஏக்கர், மூன்று றூட்,
வடக்கெல்லை பாலைமரம்.
நிலை: வனம்.
ஐயா எட்டு வருடமாக மனு எழுதுகிறார்,
ஒவ்வொன்றின் அடியிலும்
தங்கள் கீழ்ப்படிவுள்ள.
அந்தக் கட்டத்தில் சொடுக்கினேன்.
பட்டியல் விரிந்தது.
வனம். குளம். அரசு. தனியார்.
நான்கும் ஒரே எழுத்தளவில்.
சின்னக் கோடொன்று மின்னி மின்னி
என்ன, என்ன என்று கேட்டது.
தவரூபன் அண்ணை தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.

அன்று பின்னேரமே கிளிநொச்சியில்
சட்டத்தரணி மங்களேஸ்வரியின் அறையில் இருந்தேன்.
முதலாம் அதிகாரத்துக்கு
அவரைப் பேட்டி கண்டிருக்கிறேன்.
"ரெக்கோடரை நிப்பாட்டும்" என்றார்.
"ஐம்பது ரூபாய் தாரும், போதும்.
இனி நீர் என்ரை கட்சிக்காரி.
நீர் சொல்லுறதை என்னைச் சொல்லச்சொல்லி
எந்த நீதவானும் கேட்கேலாது."
சொன்னேன்.
கேட்டு முடித்து
ஐம்பது ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார்.
அது இப்போதும் என் புத்தகத்துக்குள்
பக்க அடையாளமாக இருக்கிறது.

ஆய்வில் அந்த இடம் இப்படி முடியும்:
நிலை மாற்றப்பட்டதா என்பதற்கு
அடிக்குறிப்பு நாற்பத்தொன்றைப் பார்க்க.
நாற்பத்தொன்றில் எண் மட்டும் நிற்கிறது.
மேற்பார்வையாளர் சிவப்பில் வட்டம் போட்டார்,
பக்கத்தில் இன்னொரு வட்டம்.
போன கிழமை ஐயா
வேலிக்குக் கட்டை வாங்கினார்.
எந்த வேலிக்கு என்று அம்மா கேட்டதற்கு
அவர் பதில் சொல்லவில்லையாம்.

நீங்கள் வாசிக்கலாம்.
அவ்வளவுக்குத்தான்
உங்களுக்குத் திறப்பு.